வகுப்பறையும் திரையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓலையும் எழுத்தாணியும் கற்றலின் கருவிகளாய் இருந்த காலம் ஒன்று உண்டு. பின்னர்ச் சிலேட்டும் கரும்பலகையும் அச்சு நூலும் வந்தன. இன்று கைப்பேசித் திரையிலும் பாடம் ஒலிக்கிறது. புதிய கருவி வரும்போதெல்லாம், 'பழையது இனி வேண்டுமா?' என்னும் வினாவும் உடன் வருகிறது. ஆசிரியர் நேரில் கற்பிப்பதையும் இணையவழிக் கற்றலையும் எவ்வாறு பொருத்தினால் மாணவர்க்குப் பயன் மிகும்? இவ்வினாவுக்குத் தமிழ் மரபிலிருந்தும் அண்மைக்கால அனுபவத்திலிருந்தும் விடை தேடுகிறது இப்பாடம்.

கல்வெட்டு ஊர் எழுப்பும் வினா

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், தன் கல்வெட்டுகளால் நாடறிந்த ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஊராட்சிக்குரிய வாரியங்களின் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தர, அதிலிருந்த பெயர் அவையோர் அனைவரும் கேட்கும்படி உரக்கப் படிக்கப்பட்டது.

இம்முறையில் மூன்று ஊடகங்கள் பங்குகொண்டதைக் காணலாம். அன்றைய தேர்வுக்கு ஓலை பயன்பட்டது. முடிவை அவைக்கு அறிவிக்கக் குரல் பயன்பட்டது. விதிகள் மறவாமலும் மாறாமலும் நிலைக்கக் கல் பயன்பட்டது. எடுத்த பெயரை எல்லாரும் அறியச் செய்யும் பணி ஓலையால் மட்டும் ஆகாது. தலைமுறைகளைக் கடந்து விதியைக் காக்கும் பணி குரலால் ஆகாது. எந்தப் பணிக்கு எந்த ஊடகம் ஏற்றது என்பதை அறிந்து அமைத்ததால்தான் அம்முறை ஒழுங்காக இயன்றது.

அதே வினா இன்று கல்வியில் எழுந்து நிற்கிறது. சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், திருப்புலிவனம் போன்ற ஊர்களைக் கொண்டது உத்திரமேரூர் வட்டம். வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த இத்தகைய சிற்றூர்களில், மேல்நிலை வகுப்பில் பயிலப் பேருந்திலோ மிதிவண்டியிலோ அடுத்த ஊருக்குச் செல்லும் மாணவர் பலர். நடவும் அறுவடையும் நெருங்கும் நாளிலோ, வீட்டில் ஒருவர் நோயுறும் நாளிலோ, பேருந்து தவறும் நாளிலோ ஒரு பாடவேளை போய்விடுகிறது. போன பாடவேளை மீண்டும் வருவதில்லை. அதன்மேல் கட்டப்படும் அடுத்த பாடமும் விளங்காமற் போகிறது. இந்நிலையிலுள்ள மாணவருக்கு இணையவழிப் பாடம் ஆடம்பரமன்று. இழந்ததை மீட்டுத் தரும் வழியாகும். ஆனால், அவ்வழி எதுவரை செல்லும் என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

கலப்புக் கற்றல்

ஆசிரியர் வகுப்பறையில் நேரடியாகக் கற்பிப்பதும், மாணவர் இணையத்தின் வாயிலாகத் தாமே கற்பதும் திட்டமிட்ட முறையில் இணைக்கப்படுவதைக் கலப்புக் கற்றல் என்பர். வகுப்பறையில் ஒரு காணொலியைக் காட்டுவதால் மட்டும் அது கலப்புக் கற்றல் ஆகிவிடாது. பாடத்தின் எப்பகுதியை மாணவர் தனியே கற்க வேண்டும், எப்பகுதியை வகுப்பில் கூடிக் கற்க வேண்டும், ஒன்றன் விளைவு மற்றொன்றுக்கு எவ்வாறு பயன்பட வேண்டும் என்னும் திட்டம் அதற்கு இன்றியமையாதது.

இதன் ஒரு வகை 'தலைகீழ் வகுப்பறை' எனப்படுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்னும் ஊரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில், ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரு வேதியியல் ஆசிரியர்கள் பணியாற்றினர். விளையாட்டுப் போட்டிகளுக்காக நெடுந்தொலைவு சென்ற மாணவர்கள் பாடங்களைத் தவறவிட்டனர். அவர்களுக்காக 2007ஆம் ஆண்டில் இவ்வாசிரியர்கள் தம் பாடங்களைப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிடத் தொடங்கினர். வகுப்புக்கு வந்திருந்த மாணவரும் அவற்றை மீண்டும் கேட்டனர். விளக்கவுரையை வீட்டிலேயே கேட்டுவிட முடியுமெனில், வகுப்பு நேரத்தைச் சோதனைக்கும் கணக்கிற்கும் ஐயம் தீர்த்தற்கும் செலவிடலாமே என்று அவர்கள் எண்ணினர். வகுப்பில் பாடம், வீட்டில் பயிற்சி என்றிருந்த வரிசை இவ்வாறு தலைகீழானது. இடம்விட்டு இடம் செல்ல வேண்டியிருந்த மாணவரின் தேவையிலிருந்தே இம்முறை பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

நன்னூல் காட்டும் பங்கீடு

கற்றலில் எப்பங்கை யாரிடமிருந்து பெறுகிறோம் என்னும் கணக்கைத் தமிழ் இலக்கண நூல் ஒன்று முன்னரே வகுத்துள்ளது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணவர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை வரையறுக்கிறது. பாடம் கேட்கும் முறையில் அது கூறும் இரு கருத்துகள் கலப்புக் கற்றலுக்கு அடிப்படையாக அமையத் தக்கவை.

முதலாவது, கேட்டலின் எண்ணிக்கை பற்றியது. ஒருமுறை கேட்டதோடு அமையாமல் இரண்டாம் முறையும் கேட்பவர் நூலைப் பெரும்பாலும் பிழையின்றி அறிவர். மூன்றாம் முறையும் கேட்பவர் அதனை முறையாகப் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றல் பெறுவர் என்பது நன்னூலின் கருத்து.

இரண்டாவது, கற்றலின் கூறுகள் பற்றியது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிக்கொண்ட மாணவரும் புலமையில் நான்கில் ஒரு கூறே பெறுகிறார். உடன் பயில்வோரோடு கூடிப் பயிலும்போது மேலும் ஒரு கூறு வந்து சேர்கிறது. எஞ்சிய இரு கூறுகளும், தாம் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைக்கும்போதுதான் நிறைவுறுகின்றன.

இக்கணக்கைத் தராசிலிட்டு நிறுத்துப் பார்க்க இயலாது. ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது. கேட்டல் கல்வியின் தொடக்கம். கலந்துரையாடலும் எடுத்துரைத்தலும் அதன் நிறைவு. நம் வகுப்பறைகளில் பெரும்பொழுது கால்கூறாகிய கேட்டலுக்கே செலவாகிறது. முக்காற்கூறு பெரும்பாலும் மாணவரின் தனி முயற்சிக்கு விடப்படுகிறது. கலப்புக் கற்றல் சரிசெய்ய வேண்டிய குறை இதுவே.

திரை தரும் மறுகேட்டல்

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு கருத்தை இருமுறை விளக்கலாம்; மும்முறையும் விளக்கலாம். ஐம்பது மாணவரில் ஒவ்வொருவரும் கேட்கும்போதெல்லாம் விளக்குதல் இயலாது. கேட்கத் தயங்கும் மாணவரும் உளர். பதிவுசெய்யப்பட்ட பாடமோ சலிப்பறியாது. நிறுத்தலாம், பின்னோக்கிச் செலுத்தலாம், நள்ளிரவிலும் அதிகாலையிலும் கேட்கலாம். நன்னூல் கூறும் இரண்டாம் கேட்டலையும் மூன்றாம் கேட்டலையும் எல்லா மாணவர்க்கும் உரியதாக்க வல்லது இக்கருவி.

தமிழ்நாட்டில் இதற்கான ஏற்பாடுகள் படிப்படியாக உருவாகியுள்ளன. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. அவற்றை வருடினால் பாடத்தோடு தொடர்புடைய காணொலிகளைக் காணலாம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து கல்வித் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டில் மணற்கேணி என்னும் செயலி வெளியிடப்பட்டது. தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியைக் கற்கக் கற்க ஊறும் அறிவுக்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். அக்குறளிலிருந்தே செயலியின் பெயர் எடுக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் அமைக்கப்பட்டுள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கும் இப்பாடங்களைக் காணும் வாய்ப்பை அளிக்கின்றன.

(தெரியுமா?
உலகெங்கும் வாழும் தமிழர்க்கும் தமிழில் ஈடுபாடு கொண்டோர்க்கும் இணையவழியில் தமிழ் கற்பிக்கும் நோக்குடன் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கப்படுகிறது. அதன் மின்னூலகத்தில் தமிழ் நூல்களை இணையத்தின் வாயிலாகப் படிக்கலாம்.)

கூடிப் பயிலலும் எடுத்துரைத்தலும்

கேட்டலைத் திரை பகிர்ந்துகொள்ளும்போது வகுப்பறைக்கு நேரம் கிடைக்கிறது. அந்நேரம் எதற்கு? உடன் பயில்வோரோடு ஆராய்வதற்கும், கற்றதைப் பிறர்க்கு உரைப்பதற்கும் ஆகும்.

மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இயல்பாக இருந்தது. மூத்த மாணவர் ஒருவர் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையோருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், இந்நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதனை ஏற்கத் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அவர் ஒப்படைத்தார். அச்சிறுவன் திறம்படக் கற்பித்தான். பெல் தம் அனுபவத்தை 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது.

செலவு குறைவு என்பதற்காகவே இம்முறையைப் பலர் ஏற்றனர். ஆனால் அதன் உண்மையான பயன் வேறு. கற்பிக்கும் சிறுவன் கற்றுக்கொள்கிறான். பிறர்க்கு விளக்க முற்படும்போதுதான் தன் அறிவில் எங்கே இடைவெளி உள்ளது என்பது அவனுக்குப் புலப்படுகிறது. இடைவெளியை உணர்ந்தவன் மீண்டும் நூலை நாடுகிறான், ஆசிரியரை வினவுகிறான். நன்னூல் எடுத்துரைத்தலுக்கு இரு கூறுகளை அளித்ததன் காரணம் இதனால் விளங்கும்.

(தெரியுமா?
பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் அமைந்துள்ளது. அங்குள்ள கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து கல்விக்கூடமும் மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது. உண்ண உணவும் உறைய இடமும் நோய்க்கு மருந்தும் கல்வியோடு சேர்த்தே எண்ணப்பட்டன.)

பள்ளிகள் மூடியிருந்த காலம்

வகுப்பறை அறவே இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறக்கப்பட்டன. தொற்று மீண்டும் பெருகியதால் அவையும் மூடப்பட்டு, செப்டம்பர் 1 முதல் மறுபடி இயங்கின. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளோ 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள் சிறு குழந்தைகள் பள்ளிக்கூடத்தைக் காணவில்லை.

அக்காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் இணைய வகுப்புகளும் பாடங்களைத் தொடர்ந்து வழங்கின. அவை இல்லையெனில் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஆயினும் அவற்றால் மட்டும் இழப்பைத் தடுக்க இயலவில்லை. தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையைத் தொற்றுக்கு முன்னும் பின்னும் அளந்து, அபிஜித் சிங், மொரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் குழந்தைகளின் மொழித்திறனும் கணிதத்திறனும், தொற்றுக்கு முன் அதே வயதினர் பெற்றிருந்த நிலையிலிருந்து வெகுவாகப் பின்தங்கியிருந்தன. ஆனால் பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அப்பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டிருந்தது.

இம்மீட்சியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திற்குச் சிறப்பான இடம் உண்டு. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் அத்திட்டம் தொடங்கப்பட்டது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளை மாலை வேளையில் அவரவர் குடியிருப்பிலேயே கூட்டி, அவ்வூர்த் தன்னார்வலர்கள் கற்பித்தனர். ஏற்பட்ட மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 24 விழுக்காடு, இத்திட்டத்தால் விளைந்தது என அவ்வாய்வு மதிப்பிட்டது. வீட்டுத் திண்ணையில் குழந்தையின் அருகில் அமர்ந்து, அதன் முகம் பார்த்துக் கற்பித்தவர்களின் உழைப்பு அது. அலைபேசியில் பாடம் வந்துகொண்டிருந்தபோதும், எந்தக் குழந்தைக்கு எது விளங்கவில்லை என்பதைக் கண்டறிய ஒரு மனிதர் அருகில் இருக்க வேண்டியிருந்தது.

இன்றைய தகுதி

உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுமையாகப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். வாரிய உறுப்பினராவதற்கு 35 வயது நிரம்பி, 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும்; வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும்; சொந்த மனையில் கட்டிய வீடு இருத்தல் வேண்டும்; வேத நூற்பயிற்சியும் வேண்டும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி இன்றும் போற்றத் தக்கது. ஆனால், நிலமில்லாதவரின் பெயர் குடத்திற்குள் சென்றதே இல்லை. சிறந்த முறையும் வாயிலிலேயே பலரை நிறுத்திவிடக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இணையக் கல்விக்கும் அத்தகைய வாயில் உண்டு. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18ஆம் ஆண்டில் நடந்தது. இந்தியச் சிற்றூர்க் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு என்றும், இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 விழுக்காடு என்றும் அது தெரிவித்தது. அதன்பின் திறன்பேசிகள் பெருகியுள்ளன. எனினும் வீட்டில் ஒரு கைப்பேசி இருப்பதும், மாணவர் கையில் அது இருப்பதும் ஒன்றல்ல. தந்தை வேலைக்குச் செல்லும்போது அவருடன் கைப்பேசியும் சென்றுவிடுகிறது. மாலையில் அது வீடு திரும்பும்போது, அக்காளும் தம்பியும் அதற்காகக் காத்திருக்கின்றனர். பல வீடுகளில் அது முதலில் ஆண்பிள்ளையின் கைக்கே செல்கிறது. பெண்பிள்ளைக்கு அடுக்களை வேலை முன்னே நிற்கிறது. அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி மாடிக்கோ ஏரிக்கரைக்கோ செல்லும் வாய்ப்பும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை.

ஆதலால், 'காணொலியைப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று சொல்வதற்கு முன், அதனைப் பார்க்கும் வழியைப் பள்ளி அமைத்துத் தருதல் வேண்டும். பள்ளி நேரத்திலோ அதன் பின்னரோ ஆய்வகத்தைத் திறந்து வைக்கலாம். இணைய வசதியுள்ள இடத்தில் காணொலியைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் காணலாம். ஒரே தெருவில் வாழும் நால்வர் ஒரு கைப்பேசியில் கூடிப் பார்க்கலாம். அவ்வாறு பார்ப்பதே கூடிப் பயிலலுக்குத் தொடக்கமும் ஆகும். காணொலியின் சுருக்கம் அச்சிட்ட ஒரு தாளாகவும் மாணவர்க்குக் கிடைத்தல் நலம். கைப்பேசி இல்லாமை ஒரு மாணவரை வகுப்பின் உரையாடலிலிருந்து விலக்குமாயின், கால் வேலி நிலத்தின் இடத்தில் கைப்பேசியை வைத்தவர்கள் ஆவோம்.

ஒரு பாடம், மூன்று நிலைகள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் எறிபொருள் இயக்கத்தைக் கொண்டு கலப்புக் கற்றலின் அமைப்பை விளக்கலாம்.

முதல் நிலை, வகுப்பிற்கு முன்னர் நிகழ்வது. மாணவர்கள் ஒரு சிறு காணொலியைக் காண்கின்றனர். எறியப்பட்ட பொருளின் கிடைத்தள இயக்கமும் செங்குத்து இயக்கமும் தனித்தனியே கணக்கிடத் தக்கவை என்பதை அது விளக்குகிறது. மாணவர் ஒவ்வொருவரும் தமக்கு விளங்காத ஒன்றை வினாவாக எழுதிக்கொண்டு வருகின்றனர். அவ்வினாத்தாளே வகுப்பிற்குள் நுழையும் சீட்டு.

இரண்டாம் நிலை, வகுப்பில் நிகழ்வது. ஆசிரியர் முதலில் அவ்வினாக்களைப் படிக்கிறார். பலரும் ஒரே இடத்தில் இடறியிருந்தால் அப்பகுதியை மட்டும் மீண்டும் விளக்குகிறார். பின்னர் அனைவரும் விளையாட்டுத் திடலுக்குச் செல்கின்றனர். ஒரு குழு பந்தை எறிகிறது. மற்றொரு குழு அளவுநாடாவால் தொலைவை அளக்கிறது. வேறொரு குழு குறித்துக்கொள்கிறது. 45 பாகைக் கோணத்தில் எறிந்தால் தொலைவு மிகுதியாகும் என்பது நூல் கூறும் கணக்கு. திடலில் கிடைக்கும் விடை அதிலிருந்து சற்றே வேறுபடுகிறது. ஏன் என்னும் விவாதம் எழுகிறது. பந்து தரையிலிருந்து கிளம்பவில்லை, தோள் உயரத்திலிருந்து கிளம்புகிறது என ஒரு மாணவி கண்டுசொல்லக்கூடும். காற்றின் தடையை மற்றொருவர் நினைவூட்டக்கூடும். சமன்பாடு எந்நிலையில் பொருந்தும், எந்நிலையில் பொருந்தாது என்பதைத் திடல் கற்பிக்கிறது.

மூன்றாம் நிலை, வகுப்பிற்குப் பின்னர் நிகழ்வது. ஒவ்வொரு குழுவும் தான் கண்டதைக் கரும்பலகையில் விளக்குகிறது. அல்லது கைப்பேசியில் சில நிமிடங்களுக்குப் பேசிப் பதிவுசெய்கிறது. அன்று வர இயலாத மாணவருக்கு அப்பதிவு பாடமாகிறது. கேட்டவர் உரைப்பவராக மாறுகின்றனர். நன்னூலின் நான்கு கூறுகளும் இம்மூன்று நிலைகளில் அடங்கிவிடுகின்றன.

உயர்கல்வியிலும் இத்தகைய பகுப்பைக் காணலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டில் தரவு அறிவியலில் தொடங்கிய படிப்பில் பாடங்களும் வாராந்தரப் பயிற்சிகளும் இணையத்தில் நடைபெறுகின்றன. தேர்வுகளை மட்டும் மாணவர் தேர்வு மையங்களுக்கு நேரில் சென்று எழுதுகின்றனர். பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்துரு, ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரையிலான பகுதியை இணையவழியில் கற்பிக்க இடமளித்தது.

ஆவும் ஆடும்

கருவியும் வசதியும் வாய்த்தபின்னும் ஒரு தடை எஞ்சுகிறது. அது கவனச் சிதறல். நன்னூல் மாணவரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றோடு ஒப்பிட்டு வகைப்படுத்துகிறது. நல்ல புல் கிடைத்த இடத்தில் வயிறு நிறைய மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் ஆவைப் போன்றவர் முதல் மாணாக்கர். ஒரு செடியிலும் நிறைய மேயாமல் செடிக்குச் செடி தாவும் ஆட்டைப் போன்றவர் கடை மாணாக்கர்.

திறன்பேசி ஆட்டின் இயல்பை வளர்க்கும் வகையில் அமைந்த கருவி. ஒரு பாடம் முடியுமுன்பே அடுத்த காணொலி அழைக்கிறது, இடையே செய்தி ஒலிக்கிறது, விளையாட்டு விளிக்கிறது. அதனைக் கையிலேந்தி ஆவின் இயல்பைப் பெறுவதற்குப் பயிற்சி வேண்டும். மேய்ந்தபின் அசைபோடுதலே அப்பயிற்சி.

அசைபோடுதலின் பயனை உளவியல் ஆய்வும் உறுதிசெய்துள்ளது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியைப் படித்தனர். பின்னர்ச் சில பகுதிகளை மீண்டும் ஒருமுறை படித்தனர். வேறு சிலவற்றை நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது, மறுபடி படித்த முறையே முந்தியது. ஒரு வாரத்திற்குப் பின் சோதித்தபோது நிலை மாறியது. மறுபடி படித்தவற்றுள் 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவற்றுள் 56 விழுக்காடும் மனத்தில் நின்றிருந்தன.

காணொலியைப் பார்த்து முடித்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தோன்றுவது இயல்பு. அத்தோற்றத்தை நம்பிவிடல் ஆகாது. திரையை அணைத்துவிட்டுக் கண்டதை ஐந்து வரிகளில் எழுதிப் பார்த்தால், விளங்கியது எது, விளங்கியது போலத் தோன்றியது எது என்பது தெரிந்துவிடும். மறுகேட்டல் பயனுடையதாவது அதன் பின்னரே. எங்கே இடறினோம் என்பதை அறிந்து, அவ்விடத்தை மட்டும் மீண்டும் கேட்டல் வேண்டும்.

ஆசிரியரின் இடம்

பாடத்தைத் திரை உரைக்குமெனில் ஆசிரியர் எதற்கு என்று கேட்போர் உளர். திரை எல்லார்க்கும் ஒரே பாடத்தை உரைக்கிறது. எதிரே இருப்பவர் நெற்றி சுருங்குவதை அது அறியாது. மூன்று நாள்களாக வராத மாணவி ஏன் வரவில்லை என்று அது கேட்காது. தவறான விடையின் பின்னே உள்ள சரியான சிந்தனையைக் கண்டு பாராட்டாது. அவ்வூர் ஏரியையும் அவ்வூர் வயலையும் சான்றுகாட்டிப் பாடத்தை விளக்காது. கலப்புக் கற்றலில் ஆசிரியரின் பணி குறைவதில்லை. ஒரே விளக்கத்தைப் பலமுறை கூறும் சுமை இறங்கி, ஒவ்வொரு மாணவரையும் அறிந்து வழிநடத்தும் பணி மேலோங்குகிறது. அதற்குத் திட்டமிடும் நேரமும் பயிற்சியும் ஆசிரியர்க்குத் தேவை.

அமெரிக்கக் கல்வித்துறை 2010ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட தொகுப்பாய்வும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. நேரடி வகுப்பு மட்டும் நிகழ்ந்த இடங்களைவிட, இரண்டும் கலந்து நிகழ்ந்த இடங்களில் மாணவர் ஓரளவு முன்னேறியிருந்தனர். ஆயினும் அம்முன்னேற்றத்தை ஊடகத்தின் தனிச்சிறப்பாகக் கருதலாகாது என அவ்வாய்வே எச்சரித்தது. கலப்பு முறையில் பயின்றவர்கள் பெரும்பாலும் கூடுதல் நேரம் கற்றனர். கூடுதல் பாடப்பொருள்களையும் பெற்றனர்.

மாணவர் செய்யத்தக்கது எளிது. ஒரு பாடத்தை இணையத்தில் கேட்டபின், ஒரு வினாவோடு வகுப்பிற்கு வருதல் வேண்டும். வகுப்பு முடிந்தபின் அதனை ஒருவருக்கேனும் விளக்கிச் சொல்லுதல் வேண்டும். கைப்பேசி உள்ளவர் இல்லாத தோழரைத் தம்மோடு அமர்த்திக்கொள்ளுதல் வேண்டும். உத்திரமேரூரின் கோயிற் சுவரிலுள்ள எழுத்துகள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. ஆயினும் அவற்றைப் படித்துக் காட்டி, பொருள் சொல்லி, வினாக்களை ஏற்க ஒருவர் இருக்கும்போதுதான் அவை பாடமாகின்றன. திரையில் விரியும் எழுத்துக்கும் அதுவே பொருந்தும்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் அண்மையில் பார்த்த கல்விக் காணொலி ஒன்றின் கருத்தை, அதனை மீண்டும் பார்க்காமல் ஐந்து வரிகளில் எழுதுக. பின்னர்க் காணொலியோடு ஒப்பிட்டு விடுபட்டவற்றைக் கண்டறிக.

2. உங்கள் வகுப்பில் இணையப் பாடங்களைக் காண்பதில் மாணவர் எதிர்கொள்ளும் தடைகளைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்து, அவற்றைக் களையும் வழிகளைக் குழுவாகக் கலந்துரையாடித் தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதுக.

3. உங்கள் ஊரிலோ அருகிலுள்ள ஊரிலோ காணப்படும் கல்வெட்டு, ஏரி, பழங்கட்டடம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிச் செய்தி திரட்டி, இளைய வகுப்பு மாணவர்க்கு விளக்கும் ஐந்து நிமிடப் பதிவு ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நன்னூலின் கருத்துப்படி, ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிய மாணவர் பெறுவது
அ) முழுப் புலமை
ஆ) முக்காற்கூறு
இ) அரைக்கூறு
ஈ) கால்கூறு

2. கல்வித் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆண்டு
அ) 2001
ஆ) 2018
இ) 2019
ஈ) 2021

இலக்கணக் குறிப்பு

ஓலையும் எழுத்தாணியும் – எண்ணும்மை
கேட்டவர் – வினையாலணையும் பெயர்
சலிப்பறியாது – எதிர்மறை வினைமுற்று

பகுபத உறுப்பிலக்கணம்

கேட்டனர் = கேள் (கேட்) + ட் + அன் + அர்
கேள் – பகுதி ('கேட்' ஆனது விகாரம்)
ட் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

குறுவினா

1. கலப்புக் கற்றல் என்றால் என்ன?
2. மணற்கேணி செயலியின் பெயர்க் காரணத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ஆ, ஆடு ஆகிய உவமைகள் இணையவழியில் கற்கும் மாணவர்க்கு எவ்வாறு பொருந்துகின்றன?
2. 'மதராஸ் முறை' உருவான வரலாற்றை விளக்குக.

நெடுவினா

'கைப்பேசி இல்லாமை ஒரு மாணவரை வகுப்பின் உரையாடலிலிருந்து விலக்குமாயின், கால் வேலி நிலத்தின் இடத்தில் கைப்பேசியை வைத்தவர்கள் ஆவோம்' – இக்கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் ஆராய்ந்து, உங்கள் பள்ளிக்கு ஏற்ற கலப்புக் கற்றல் திட்டம் ஒன்றை வகுத்துரைக்க.